குலுக்கினால் குணமாகுமா?

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தவருக்கு 'முழு உடல் அதிர்வு' இலவசம். உண்மையில் இது ஒன்றும் நல்ல சொல் அல்ல. லாரி, டிராக்டர் ஓட்டுபவர்களின் முதுகுவலியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதை அளக்க ஐ.எஸ்.ஓ. 2631 என்று தரநிலையே இருக்கிறது. ஐரோப்பாவில் 2002-ல் தொழிலாளர்களுக்கு உச்சவரம்பே விதித்தார்கள். லாரிக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே அதிர்வை ஒரு பலகைக்குள் அடைத்து, 'பத்து நிமிஷம் நின்றால் ஒரு மணி நேர நடை' என்று விற்கிறார்கள்!

குண்டூர் நாட்டிலிருந்து கீழே வேலைக்குப் போன ஒரு மகன், ஊரில் மூட்டுவலியோடு இருக்கும் அம்மாவுக்கு ஒன்று வாங்கப் போகிறார் என்றால் கடையில் என்ன ஒப்பிட்டுக் காட்டுவார்கள்? இதில் 99 வேகம், அதில் 120 வேகம், இன்னொன்றில் ப்ளூடூத் பாட்டு. 99 என்பது என்ன? ஹெர்ட்ஸா, கிலோமீட்டரா? வெறும் பட்டன் நம்பர், அவ்வளவுதான். வாட் கணக்கும் மோட்டார் இழுக்கும் கரண்ட்தான், காலுக்கு வருவது அல்ல.

கேட்க வேண்டியவை வேறு. நொடிக்கு எத்தனை அதிர்வு? பலகை எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது? மொத்தமாகவா, சீசா மாதிரி மாறி மாறியா? (சீசா வகையில் கால்களை அகட்ட அகட்ட ஆட்டம் கூடும்.) மிச்சம் பிளஸ் டூ இயற்பியல். நேராக ஏறி இறங்கும் பலகை 30 ஹெர்ட்ஸில் மொத்தம் 4 மி.மீ. அசைந்தால் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல சுமார் 7 மடங்கு. 10 மி.மீ. என்றால் 18 மடங்கு. அட்டைப்பெட்டியில் அப்படிப் போட்டிருந்தால் ஒன்று அந்த எண் பொய், இல்லையென்றால் அந்த அம்மாவின் முழங்காலுக்கு ஆபத்து.

'எலும்பு வலுவாகும்' என்பது அடுத்த வசனம். டொராண்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து, மிக மென்மையான அதிர்வில் ஓராண்டு சோதித்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை. 2017-ல் 'உடற்பயிற்சிக்கு ஈடு' என்று பத்திரிகைகள் கொண்டாடிய ஆய்வு எலிகள் மேல் நடந்தது. (எலிக்கு மூட்டுவலி என்று யாரும் கடைக்கு வரவில்லை.) நடக்கவே சிரமப்படும் முதியவர்களுக்குக் கால் வலு கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு, மறுப்பதற்கில்லை. அவையெல்லாம் பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்தவை.

உடனே 'அந்தக் காலத்தில் சாமை குத்தினார்கள், உலக்கை பிடித்தார்கள்' என்று ஆரம்பிக்கும் கூட்டமும் வேண்டாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைக்கு அரைவை இயந்திரம் கொண்டுவந்ததில் மலைப் பெண்களின் தோள்வலி குறைந்தது. அந்த இயந்திரம் ஒரு வேலையைச் செய்தது. இந்தப் பலகை எந்த வேலையையும் செய்வதில்லை, செய்ததுபோல் காட்டுகிறது.

பேஸ்மேக்கர், ரத்தக்கட்டி, கர்ப்பம், சமீபத்திய எலும்பு முறிவு இருந்தால் ஏறவே கூடாது என்று நல்ல கம்பெனிகளின் கையேடே எச்சரிக்கிறது. இதில் ஒன்றைக்கூட விசாரிக்காமல் பில் போடுகிற கடைக்காரரிடம் 99 வேகமா 120 வேகமா என்று பேரம் பேசி என்ன பிரயோஜனம்? அந்த அம்மாவை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போகட்டும்.