மணி தானே ஒலிக்கட்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்ற இடம். கொலுசு அணிந்து நடக்கும் பெண், ஒவ்வோர் அடிக்கும் ஒலி எழுப்ப வேண்டுமென்று நினைத்துக்கொண்டா நடக்கிறாள்? கால் நடக்கிறது, மணி தானே ஒலிக்கிறது. அவள் கவனம் பாதையில் இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் கொண்டு தொலைபேசி மணி செய்ய முனையும் மாணவர்களும் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? சிறிய ஒலிப்பான் ஒன்றை இணைத்து, ‘மின்சாரம் கொடு, சற்றுப் பொறு, நிறுத்து, மறுபடியும் பொறு’ என்று ஆணைகளை எழுதுகிறார்கள். ஒலி கேட்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்நேரம் முழுவதும் செயலி வேறெதையும் கவனிப்பதில்லை. ரிசீவரை எடுத்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அது தொலைபேசியாகுமா?

நம் நாட்டுத் தரைவழித் தொலைபேசியில் மணி 0.4 விநாடி ஒலிக்கும், 0.2 விநாடி ஓயும், மீண்டும் 0.4 விநாடி ஒலிக்கும். பிறகு 2 விநாடி மௌனம். அந்த 2 விநாடியையும் வெறுமனே காத்திருந்து கழித்தால், 16 மெகாஹெர்ட்ஸ் சில்லில் 3.2 கோடி கடிகாரத் துடிப்புகள் வீணாகின்றன. ‘சில்லு மிக வேகமானதுதானே, என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்போர் உண்டு. எவ்வளவு சுறுசுறுப்பான காவலாளியும் கண்ணை மூடிக்கொண்டால் காவல் ஏது?

பழைய ஸ்ட்ரௌஜர் தொலைபேசி நிலையங்களில், மணி அடிக்கும் மின்சாரத்தை உண்டாக்க மோட்டாரால் சுழலும் தனி இயந்திரம் இருந்தது. இணைப்புக் கருவிகள் அதை உரிய கம்பிக்குத் திருப்பிவிட்டன; ரிசீவர் எடுக்கப்பட்டதும் துண்டித்தன. ஒலிப்பது ஒன்றின் வேலை. கவனிப்பது மற்றொன்றின் வேலை.

இன்றைய சில்லினுள்ளும் அத்தகைய தனி இயந்திரம் உண்டு. அதுவே டைமர். ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏடிமெகா 328பி சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளை 256ஆல் வகுத்தால் விநாடிக்கு 62,500. அழைப்பவர் காதில் கேட்கும் மணியொலிக்கு அடிப்படை 400 ஹெர்ட்ஸ். ஓர் அலைக்கு இருமுறை வெளியீடு மாற வேண்டும். ஆகவே விநாடிக்கு 800 மாற்றங்கள். 62,500ஐ 800ஆல் வகுத்தால் 78.125. டைமர் 78 வரை எண்ணினால் 400.6 ஹெர்ட்ஸ் கிடைக்கும். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் பதிவேட்டில் எழுத வேண்டியது 77.

அவ்வொலியில் 25 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கமும் கலந்திருக்கும். சில பிக் வகைச் சில்லுகளில் நாமே விரும்பியபடி அமைத்துக்கொள்ளும் லாஜிக் கேட்டுகள் உள்ளன. 400 ஹெர்ட்ஸையும் 25 ஹெர்ட்ஸையும் ஓர் ‘அண்ட்’ கேட்டில் சேர்த்தால் ஏறத்தாழ அதே ஒலி பிறக்கும். செயலி அவ்வப்போது நேரம் பார்த்து ஒலியைத் திறந்து மூடினால் போதும். மற்ற நேரமெல்லாம் ரிசீவரைக் கவனிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: உண்மையான தொலைபேசிக் கம்பியில் மணியடிக்க வருவது சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம். உங்கள் பலகையை அதனுடன் இணைக்காதீர்கள்.

காத்திருக்கும் ஆணை முதல் நாள் பாடத்துக்குப் போதும். அங்கேயே நின்றுவிடக் கூடாது. பள்ளிக் கண்காட்சியில் இத்தகைய கருவியைக் காணும் ஆசிரியர்கள், ‘மணி ஒலிக்கிறதா?’ என்பதோடு விடாமல், ‘ரிசீவரை எடுத்தவுடன் நிற்கிறதா?’ என்றும் கேட்க வேண்டும். மாணவர் உண்மையில் என்ன கற்றார் என்பதை இரண்டாவது கேள்விதான் காட்டும்.