ஒரு விதியும் இரு கரைகளும்

"விதி யாவருக்கும் ஒன்றே, ஆகவே போட்டி நீதியானது" என்பது மாணவர் ரோபோப் போட்டிகள் பற்றிய பேச்சில் அடிக்கடி எழும் கூற்று. கேட்பதற்கு இது மறுக்கவொண்ணாத உண்மை போலத் தோன்றும். ஆயின் இது அரை உண்மையே. அரை உண்மை முழுப் பொய்யினும் தீங்கானது. பொய்யை எதிர்க்க எவரேனும் எழுவர்; அரை உண்மைக்கோ தலையசைப்பவரே மிகுவர்.

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கையும் அறிந்தோர்க்கு இதனை விளக்க நெடும்பொழுது வேண்டியதில்லை. கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரைக்கும், வயலும் காடுமாக மேற்கே விரியும் படுவான்கரைக்கும் நடுவே வாவி கிடக்கிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அத்துறையில் ஓடத்துக்குக் காத்து நின்றே மக்கள் அக்கரை சேர்ந்தனர். பாடசாலை மணியோ இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் ஒலித்தது. விதி ஒன்றுதான். எனினும் மணி ஒலிக்கும்போது வகுப்பில் அமர்ந்திருப்பவனும் துறையில் நிற்பவனும் அவ்விதியின் முன் சமமானவர் அல்லர். பிந்தி வந்தவன் என்று பதிவேட்டில் எழுதியது பிழையன்று; ஆயினும் அப்பதிவேடு உண்மை முழுவதையும் சொல்லவில்லை.

ரோபோப் போட்டியின் விதிநூலும் இத்தகைய பதிவேடாக மாறிவிடக் கூடும். விதி என்பது திறமையை வெறுமனே அளக்கும் கோல் அன்று. எது திறமை என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. இதற்கு அத்துறையின் தொடக்க வரலாறே சான்று. 1979இல் நியூயோர்க்கில் 'மைக்ரோமவுஸ்' எனப்படும் சிற்றெலிப் போட்டி நடைபெற்றது. தானே வழி கண்டு புதிர்ப்பாதையைக் கடக்கும் பொறியை ஆக்குவதே பணி. வாயில் புறச்சுவரில் அமைந்திருந்தமையால், எதையும் சிந்தியாது சுவரைத் தொட்டபடி விரைந்தோடிய பொறியே அங்கு முந்தியது. பாதையை நினைவில் இருத்திக் கற்க முயன்ற பொறிகள் பின்தங்கின. அடுத்த ஆண்டு இலண்டனில் நடந்த போட்டிக்கு விதி வகுத்த ஜோன் பில்லிங்ஸ்லி, இலக்கைப் புதிர்ப்பாதையின் நடுவுக்கு மாற்றினார். சுவரைப் பற்றி ஓடும் தந்திரம் அன்றோடு பயனற்றுப் போயிற்று. சிந்திக்கும் பொறி மதிப்புப் பெற்றது. போட்டியாளரின் அறிவு ஓராண்டில் மாறிவிடவில்லை. மாறியது ஒரு விதி மட்டுமே.

ஆகவே விதி செய்வோர் தம்மை வெறும் காவலர் என்று கருதுவது பொருந்தாது. எவர் வெல்லக் கூடும் என்பதன் எல்லையை அவர்களே முன்கூட்டி வரைகின்றனர். சமத்துவம் கருதி வகுத்த விதியும் எதிர்விளைவு தரலாம். அமெரிக்காவில் டீன் காமன் 1989இல் நிறுவிய 'பெர்ஸ்ட்' அமைப்பு 1992 முதல் உயர்பாடசாலை மாணவர்க்குப் போட்டி நடத்தி வருகிறது. பொறியை ஆறு வாரத்துள் கட்டி முடிக்க வேண்டும் என்பது அதன் நீண்டகால விதி. பின்னாளில், கெடு முடிந்ததும் பொறியைப் பையிலிட்டு முத்திரையிட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. யாவருக்கும் ஒரே கால அளவு. இதனினும் நீதியானது எது என்று தோன்றும். நடந்தது வேறு. வசதி படைத்த குழுக்கள் அதே வடிவில் இரண்டாவது பொறியைக் கட்டின. முதலாவது முத்திரைக்குள் உறங்க, இரண்டாவதைக் கொண்டு வாரக்கணக்கில் பயிற்சி செய்தன. ஒன்றைக் கட்டவே திணறியவர்களுக்கு அந்த வாரங்கள் வெறும் காத்திருப்பாயின. ஈற்றில் 2020ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவ்விதி கைவிடப்பட்டது. விதியைக் காப்பதிலும் அதன் நோக்கத்தைக் காப்பது பெரிது என்பதை அவ்வமைப்பு உணர்ந்தது. அவ்வுணர்வுக்கு நெடுங்காலம் பிடித்தமை மறக்கத்தக்கதன்று.

ஒரே உதிரிப்பாகத் தொகுதியை எல்லாருக்கும் வழங்கிவிட்டால் இடர் தீரும் என்பர் சிலர். 2017இல் வாஷிங்டனில் நடந்த 'பெர்ஸ்ட் குளோபல்' போட்டி அவ்வாறே உலக நாடுகளின் குழுக்களுக்கு ஒரே தொகுதியை வழங்கியது. ஆப்கானிஸ்தானின் மாணவியர் குழுவுக்குரிய தொகுதி மாதக்கணக்கில் சுங்கத்தில் தடைப்பட்டுக் கிடந்தது. அவர்களது நுழைவு அனுமதி விண்ணப்பமும் இருமுறை நிராகரிக்கப்பட்டு, இறுதி நாள்களிலேயே இசைவு கிடைத்தது. பெட்டிக்குள் இருந்தவை ஒன்றே. பெட்டி கைக்கு வந்த நாள் ஒன்றன்று. பொருளை எண்ணுவோர் காலத்தையும் எண்ண வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

இனி இலங்கைக்கு வருவோம். பொறியின் செலவுக்கு உச்சவரம்பு விதிப்பது நல்ல வழக்கமே. ஆனால் அவ்வரம்பு எந்தச் சந்தையின் விலையில் கணிக்கப்படுகிறது? 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி இருநூறு ரூபாயளவிலிருந்து சில மாதங்களுள் முந்நூற்றைம்பதைக் கடந்தது. டொலரில் எழுதிய வரம்பு அசையாது நிற்க, அதைத் தொடுவதற்கு மாணவன் திரட்ட வேண்டிய ரூபாய் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. போட்டிக்கு முதல்நாள் மோட்டரை இயக்கும் சுற்றுப்பலகை கருகிவிடின், கொழும்பு மாணவன் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு நடந்து சென்று மாலைக்குள் மற்றொன்று வாங்கலாம். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், கொக்கட்டிச்சோலையில் இருப்பவனுக்கோ அன்றோடு போட்டி முடிந்தது.

களத்தில் நிகழ்வதையும் நோக்குக. கோடு தொடரும் பொறி, தரையில் பட்டு மீளும் அகச்சிவப்புக் கதிரின் அளவைக் கொண்டே கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறிகிறது. மண்டபத்தின் வெளிச்சம், விரிப்பின் மினுக்கம், உணரிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி யாவும் அவ்வளவை மாற்றும். மின்கலத்தின் அழுத்தம் குறைந்தால் வேகமும் மாறும். எனவே போட்டிக் களத்தில் பொறியைச் சீர்செய்யக் கிடைக்கும் நேரமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அயலிலுள்ள குழு முதல்நாளே வந்து பழகுமாயின், இரவுப் புகையிரதத்தில் உறங்காது வந்திறங்கும் குழுவுக்கு எஞ்சுவது சில நிமிடங்களே. அந்நேரம் எத்தனை நிமிடம், எவருக்கு எப்போது என்று விதிநூல் சொல்லாதிருக்குமாயின், அந்த மௌனமும் ஒரு விதியே. அம்மௌனம் எப்போதும் அருகிலிருப்பவன் பக்கமே சாய்கிறது.

மொழியின் நிலையும் இத்தகையதே. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக ஏற்றது. விதிநூல் ஆங்கிலத்தில் மாத்திரம் வெளிவருமாயின், தமிழில் விஞ்ஞானம் கற்கும் பாடசாலை மாணவன் பொறியோடு போராடுமுன் சொல்லோடு போராட வேண்டியவனாகிறான். ஒரு வாக்கியத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டதனால் தகுதியிழக்கும் குழு, பொறியியலில் தோற்ற குழு அன்று.

இவற்றுக்கு ஒரு மறுப்பு எழும்: சலுகை கொடுத்தால் தரம் தாழும் என்பது அது. இந்நாட்டுத் தமிழர் இவ்வச்சத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் புகுந்த தரப்படுத்தலும், பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடும் கிளப்பிய வழக்கு இன்னும் ஆறாத புண். ஆயின் இங்கு வேண்டப்படுவது புள்ளியன்று. படுவான்கரைக் குழுவுக்கு ஐந்து புள்ளி கூட்டிக் கொடுங்கள் என எவரும் இரக்கவில்லை; அத்தகைய இரக்கம் அக்குழுவுக்கே இழுக்கு. வேண்டப்படுவது, திறமை தவிர்ந்த ஏனையவை முடிவைத் தீர்மானியாதிருக்க வேண்டும் என்பதே. இலக்கை நடுவுக்கு மாற்றிய பில்லிங்ஸ்லி எவருக்கும் சலுகை வழங்கவில்லை. அவர் விதியைத் திருத்தினார், தரம் உயர்ந்தது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. விதிநூல் மும்மொழியிலும் ஒரே நாளில் வெளிவரல் வேண்டும். செலவு வரம்பு உள்நாட்டு விலையில், சுங்கத் தீர்வையும் உள்ளடங்க ஆண்டுதோறும் கணிக்கப்படல் வேண்டும். களத்தின் அளவும் விரிப்பின் தன்மையும் முன்னரே அறிவிக்கப்பட்டு, சாதாரண அட்டையிலும் வண்ணப்பூச்சிலும் அதன் படியை ஆக்கிப் பழக இயல வேண்டும். சீர்செய்யும் நேரம் எல்லாருக்கும் நிமிடக் கணக்கில் ஒன்றாதல் வேண்டும். பழுதுற்ற பாகத்துக்கு மாற்றீடு வழங்கும் பொதுக் களஞ்சியம் மண்டபத்திலேயே இருத்தல் வேண்டும். முதற்சுற்று மாவட்டந்தோறும் நடைபெறல் வேண்டும். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்க, மட்டக்களப்பு மாணவன் முதற்சுற்றுக்கே கொழும்பு செல்ல வேண்டியதன் காரணம் யாது?

எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர் தீர்ப்புக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும்; அதன் மீது முறையிட வழியும் இருக்க வேண்டும். மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாக ஊர் பிரிந்து, கொளுவிய கொம்புகளை இழுக்கும். எவர் கொம்பு முறிந்தது என்பது களத்தில் நிற்கும் யாவர் கண்ணுக்கும் தெரியும். தோற்றவன் மனம் நொந்தாலும் தோல்வியை ஐயுறுவதில்லை. கணினியும் உணரியும் கொண்டு நடக்கும் போட்டி அந்தத் தெளிவைக்கூடத் தர இயலாதெனின், அது பழமையினும் பின்தங்கியதே.

பாலம் வந்த பின் மண்முனையில் எவரும் ஓடத்துக்குக் காத்து நிற்பதில்லை. அக்கரையாரின் திறமை அதனாற் கூடிவிடவில்லை. இருந்த திறமை நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மணியடிக்கும் விதியை அதற்காக எவரும் தளர்த்தவுமில்லை. ரோபோப் போட்டிகளை நடத்துவோர் செய்ய வேண்டியதும் அதுவே. அதுவரை "விதி யாவருக்கும் ஒன்றே" என்பது எழுவான்கரையில் நின்று சொல்லப்படும் சொல்லாகவே இருக்கும்.