தேர்வடமும் ஒலிவாங்கியும்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணம் றாப் பாட்டாகி நெடுங்காலமாகிறது. 1986இல் தாயோடு இங்கிருந்து வெளியேறிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. ஆகி, தகப்பனின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே 2005இல் தன் முதல் இசைத்தொகுப்புக்குச் சூட்டினார். இங்கு பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல், மிருதங்கத்துக்கு ஈடுகொடுத்து றாப் சொன்னார். 2021இல் வந்த அவரது தொகுப்பின் பெயர் 'மேட் இன் ஜஃப்னா'. 1973இல் நியூயோர்க்கின் புரொங்ஸில் வறுமைப்பட்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்களிடையே பிறந்த ஹிப் ஹொப், ஊரிழந்தவர்கள் ஊரைச் சொல்லவும் உதவியது.

இங்கேயே இருந்து பாடுகிற பெடியளும் இப்போது இருக்கிறார்கள். பாடுபொருளுக்குப் பஞ்சமில்லை: வலிகாமம் வடக்கில் 1990இல் பறிபோய் இன்னும் முழுமையாகத் திரும்பாத காணிகள், காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு வீதியில் இருக்கும் தாய்மார், மறுபடியும் தோண்டப்படும் செம்மணிப் புதைகுழிகள். ஆனால் புலம்பெயர்ந்தவருக்கு இல்லாத பயம் இவர்களுக்கு உண்டு. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்து பிணையில் வந்தவரை நீதிமன்றம் விடுவித்தது 2023இல்தான். கவிதைக்கு இந்த விலை என்றால், மேடையில் உரத்துச் சொல்லும் பாட்டுக்கு என்ன விலை என்று ஓர் இளைஞன் யோசிப்பது கோழைத்தனமல்ல.

அரசைப் பற்றிய மௌனத்துக்கு அந்தச் சட்டத்தைக் காரணம் சொல்லலாம். சாதியைப் பற்றிய மௌனத்துக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை ஜேசிபி இயந்திரம் இழுத்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன், 1968இல், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதன் சூட்டிலே என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் பிறந்தது. அன்றைய கலைஞர்கள் இராணுவத்தை அல்ல, அயல்வீட்டாரைப் பகைத்துக்கொண்டார்கள். அது இன்னும் கடினமான துணிச்சல்.

தமிழகத்தில் அந்தத் துணிச்சல் றாப்பின் வழியே வந்தது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் வழியே அறியப்பட்ட றாப் பாடகர் அறிவு, 'எஞ்சாயி எஞ்சாமி'யில் தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையைக் கொண்டுவந்தார். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பம் அவர்களுடையது. 2021இல் 'றோலிங் ஸ்டோன் இந்தியா' தன் அட்டையில் 'எஞ்சாயி எஞ்சாமி'யின் பாடகி தீயையும், அறிவு வரிகள் எழுதிய 'நீயே ஒளி'யைப் பாடிய ஷான் வின்சென்ட் டி போலையும் போட்டது. இரண்டு பாட்டுக்கும் பொதுவான அறிவு அதில் இல்லை. ரஞ்சித் கண்டித்தார், எதிர்ப்பு வலுத்தது, பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. அட்டையைத் தீர்மானித்தது இதழ். பாடியவர்கள்மீது பழி போடுவதற்கில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அதில் ஒரு பாடமுண்டு. மலையகத்தின் வியர்வையிலிருந்து எழுந்த பாட்டைக் கொண்டாடிய அட்டையில் யாழ்ப்பாணத்தவர் இருந்தார், மலையகத்தின் பேரன் இல்லை. மேலே இருந்து அழுத்துகிற கை எப்போதும் பிறருடையது மட்டுமல்ல. சில நேரம் அது எங்களுடையதாகவும் இருக்கும்.

ஹிப் ஹொப் நீதியின் கலை என்று மேடைகளில் பேசுவது சுலபம். தன்னை ஒடுக்குபவனை மட்டும் பாடுகிறவரை அது பாதி நீதிதான்.

எனவே ஒரு முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து றாப் வரிகளைக் கவிதைக்குரிய இடத்திலேயே பிரசுரிப்போம். எழுதியவர், இசைத்தவர், பாடியவர் எல்லோரது பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். அரசைத் திட்டும் வரிகளுக்கு இடமுண்டு; உங்கள் ஒழுங்கையைத் திட்டும் வரிகளை முதலில் போடுவோம்.