திருடனின் கணக்கைத் திறந்தது யார்?

தொலைபேசி மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர் வங்கிக் கருமபீடத்தின் முன் வந்து நின்றதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஏன் ஓடிபி நம்பரச் சொன்னீங்க?" என்பதுதான். பொலிஸ் நிலையத்திலும் அதே கேள்வி. வீட்டுக்கு வந்தால் மாமியும் மச்சானும் அதையே கேட்கிறார்கள். களவு கொடுத்தவரிடம் ஏன் கதவைப் பூட்டவில்லை என்று கேட்பதில் பிழையில்லை. கேட்டுவிட்டுக் கள்வனைத் தேடிப் போகவும் வேண்டும். இங்கே அந்தக் கேள்வியோடு விசாரணையே முடிந்துவிடுகிறது.

கல்முனைக் கரையோரத்தில் இது யாரோ எவருக்கோ நடக்கும் சங்கதி அல்ல. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, கணவனோ மகனோ கத்தாரிலும் சவூதியிலும் இருக்க, அவர்கள் அனுப்பும் பணத்தை உம்மாவோ மனைவியோ தன் பெயரிலுள்ள கணக்கில் வைத்துச் செலவு செய்யும் வீடுகள் ஏராளம். 2022இல் நாட்டில் டொலர் வற்றிப்போனபோது, உண்டியலில் அனுப்பாதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள் என்று வெளிநாட்டில் உழைப்பவர்களிடம் அரசாங்கம் மன்றாடியது. அவர்களும் அனுப்பினார்கள். 2024இல் அப்படி வந்த தொகை 6.5 பில்லியன் டொலருக்கும் மேல். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஆகவே இந்தப் பெண்கள் ஆசைப்பட்டு எண்ணிம உலகத்துக்குள் நுழைந்தவர்கள் அல்லர். அரசும் வங்கியும் அழைத்து வந்தவர்கள். அழைத்து வந்தவருக்குப் பொறுப்பு இல்லையா?

மோசடியின் வேடங்கள் ஊருக்கே தெரியும். உங்கள் பொதி தபாலகத்தில் தங்கிவிட்டது, சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி. காட் ப்ளொக் ஆகப்போகுது மெடம் என்று தேன் குரலில் ஓர் அழைப்பு. தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே "உங்கட போனுக்கு ஒரு ஆறு இலக்க கோட் வரும், அனுப்பி விடுங்க" என்று ஒரு வேண்டுகோள். அனுப்பிய அடுத்த நிமிடம் உங்கள் வட்ஸ்அப் மோசடிக்காரன் கையில், உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடம் அவசரக் கடன் கேட்கப்படுகிறது. இதையெல்லாம் விளக்கி எத்தனையோ காணொளிகள் வந்துவிட்டன. நாம் பேச வந்தது வேறு.

பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் முதலில் இன்னொரு இலங்கை வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. பிறகு அங்கிருந்து வேறொன்றுக்கு, அல்லது ஏடிஎம் இயந்திரத்துக்கு. நம் ஊர் நெசவாளர் ஒருவர் புதிதாகக் கணக்குத் திறக்கப் போனால் அடையாள அட்டை, முகவரியை நிறுவ மின்பட்டியல், அது தகப்பனின் பெயரில் இருந்தால் கிராம அலுவலரின் சான்றிதழ், தொழில் என்ன, மாத வருமானம் என்ன என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். 2006ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டமும், வாடிக்கையாளரை அறிந்து கொள்வதற்கான 2016ஆம் ஆண்டின் விதிகளும் வங்கிகள் மீது அந்தக் கடமையைச் சுமத்தியிருக்கின்றன. அப்படியானால் களவுப் பணம் விழுந்த கணக்கும் இதே படிவங்கள் நிரப்பப்பட்டு, இதே கையொப்பங்கள் இடப்பட்டுத்தான் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குரியவரின் பெயர் வங்கிக்குத் தெரியும். முகவரி தெரியும். படமும் இருக்கும். மாதம் முப்பதாயிரம் ரூபா வருமானம் என்று எழுதிக் கொடுத்த ஒருவரின் கணக்கில் ஒரே பிற்பகலில் நாலாபுறமிருந்தும் இலட்சங்கள் விழுந்து, விழுந்த சூட்டோடு வெளியேறுகின்றன என்றால், அது ஒரு கணினிக்குத் தெரியாமல் போகக்கூடிய விடயமா? கடன் தவணை மூன்று நாள் பிந்தினால் தெரிந்துகொள்ளும் அதே கணினிக்கு?

இந்தத் தலையங்கத்தின் நிலைப்பாடு இதுதான். ஓடிபி சொன்னவரின் கவனக்குறைவு மோசடியில் ஒரு கண்ணி மட்டுமே. களவுப் பணத்தைப் பெற்றுக்கொண்ட கணக்கைத் திறந்து கொடுத்த வங்கியும், முறைப்பாடு கிடைத்த பின்னும் பணத்தை ஓடவிட்ட வங்கியும் இழப்பில் பங்கேற்க வேண்டும். அதைச் சட்டம் சொல்ல வேண்டும்.

வேகம் என்ற ஒன்றை எடுத்துப் பாருங்கள். வங்கிகளுக்கிடையே பணத்தை உடனுக்குடன் மாற்றும் செஃப்ட்ஸ் முறை இரவு பகல், போயா, பெருநாள் பார்க்காமல் இயங்குகிறது. ஒரு தடவையில் 50 இலட்சம் ரூபா வரை சில வினாடிகளில் போய்விடும். வங்கிகள் இதைப் பெருமையோடு விளம்பரப்படுத்துகின்றன. ஆனால் பணம் போன மறு நிமிடம் அதே வங்கியின் துரித இலக்கத்தை அழைத்துப் பாருங்கள். முதலில் மொழியைத் தெரிவு செய்யச் சொல்லும் குரல், பிறகு புதிய கடன் அட்டைக்கான விளம்பரம், பிறகு எட்டு இலக்கமோ பத்து இலக்கமோ அழுத்தச் சொல்லும் பட்டியல், பிறகு சங்கீதம். தமிழுக்கான இலக்கத்தை அழுத்தியவருக்குச் சங்கீதம் கொஞ்சம் நீளமாகவே கிடைக்கும். கடைசியில் எடுப்பவர் தமிழ் தெரிந்த அதிகாரி இப்போது இல்லை என்று சிங்களத்தில் சொல்வதும் உண்டு. படபடத்துப் போயிருக்கும் ஒரு தாய் அரைகுறைச் சிங்களத்தில் கணக்கிலக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பணம் மூன்றாவது கணக்கைத் தாண்டியிருக்கும். மொழி இங்கே கௌரவப் பிரச்சினை அல்ல, ரூபாக் கணக்கு.

மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே போக முதலில் உங்கள் வங்கியிடம் முறையிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, திருப்தி இல்லையென்றால்தான் போகலாம். வட்டி வீதத் தகராறுக்கு அது பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் பணத்தை மறிக்க அது உதவாது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் சேர்ட் நிறுவனத்துக்கு 101 இருக்கிறது, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 இருக்கிறது, நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 இருக்கிறது, பொலிஸுக்கு 119 இருக்கிறது. மொழியுரிமை மீறப்பட்டால் முறையிடவும் ஓர் இலக்கம் தந்தார்கள்: 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டையே அதற்குத் தேர்ந்தெடுத்தவரின் நகைச்சுவை உணர்வை மெச்சத்தான் வேண்டும். இத்தனை இலக்கங்களில் எதை அழைத்தால் பணம் அந்த நிமிடமே நிறுத்தப்படும் என்று கேட்டால், பதில் இல்லை.

பொலிஸ் நிலையக் கதை இன்னொன்று. சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் அமுலில் இருக்கின்றன. கல்முனையில் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது, மேல் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டோடு போகிறவருக்கு அடிக்கடி கிடைக்கும் ஆலோசனை, இது கொழும்பில் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு பார்க்கிற வேலை என்பதே. நாற்பதாயிரம் ரூபாவைத் தேடி இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், லொட்ஜில் தங்கி, திரும்பி வர எவருக்கு மனம் வரும்? வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பது அடுத்த விடயம். தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழியானது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அடுத்த ஆண்டே 16ஆவது திருத்தம் வரையறுத்தது. முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் எழுதி வைத்தது. இவ்வளவுக்கும் பிறகு, தான் வாசித்தறிய முடியாத வாக்குமூலத்தில் ஒருவர் கையொப்பமிட்டு வருகிறார் என்றால் அது முறைப்பாடே அல்ல.

எல்லாவற்றுக்கும் அதிகாரிகளிடம் ஆயத்தமாக இருக்கும் மருந்து விழிப்புணர்வு. பாடசாலையில் ஒரு கருத்தரங்கு, பிரதேச செயலகத்தில் ஒரு பதாகை, வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2024 டிசம்பர் இறுதியில் இலங்கைப் பொலிஸின் சமூக ஊடகக் கணக்குகளே ஊடுருவப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு அரசாங்க மேகக் கணினி வலையமைப்பு கப்பக் கோரிக்கைத் தாக்குதலுக்கு உள்ளாகி, மே முதல் ஓகஸ்ட் வரையான மின்னஞ்சல்கள் அழிந்தே போயின. பாதுகாக்கச் சம்பளம் பெறும் அதிகாரிகள் சூழ இருந்த நிறுவனங்களுக்கே இந்தக் கதி. அப்போது எவரும் அந்த அதிகாரிகளிடம் உங்கள் கவனக்குறைவுக்கு நீங்களே நட்டஈடு கட்டுங்கள் என்று கேட்கவில்லை. மருதமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே தொலைபேசியை எடுத்த பெண்ணிடம் மட்டும் அது கேட்கப்படுகிறது.

மோசடிக்காரனுக்கு அவளது பெயரும் வங்கியும் எப்படித் தெரிந்தன என்பதையும் யாராவது கேட்க வேண்டாமா? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. நிறுவனங்களுக்கு ஆயத்தமாக அவகாசம் தேவையாம். மோசடிக்காரர்கள் அவகாசம் கேட்பதில்லை. 2024 ஜூனில் நீர்கொழும்பு, மாதிவெல, பத்தரமுல்லைப் பகுதிகளில் 60 இந்தியர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் கண்டிக்கருகே குண்டசாலையில் நூற்றுக்கு மேற்பட்ட சீனர்களும் இணைய மோசடிக் குற்றச்சாட்டில் கைதாகினர். வீடுகளையும் ஹோட்டல்களையும் வாடகைக்கு எடுத்து, கணினிகளை அடுக்கி, வேலை நேரம் வைத்து நடத்தும் தொழில் இது.

வெளிநாடுகள் சும்மா இருக்கவில்லை. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணத்தை அனுப்பிய வாடிக்கையாளருக்கும் 85,000 பவுண் வரை வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சுமையில் பாதியை, பணத்தைப் பெற்ற கணக்கு இருந்த வங்கி ஏற்க வேண்டும். அந்தப் பாதிதான் முக்கியம். அது வந்த பிறகு யாருக்குக் கணக்குத் திறக்கிறோம் என்று வங்கி இரண்டு தரம் பார்க்கும். சிங்கப்பூர் அதே ஆண்டு டிசம்பரில் தொலைபேசிக் கொம்பனிகளையும் பொறுப்புக்குள் கொண்டு வந்தது. இவை பணக்கார நாடுகள் என்று தட்டிக்கழித்தால் பக்கத்து நாட்டைப் பார்க்கலாம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் முறையிட்ட பின்னர் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கியே பொறுப்பு. வாடிக்கையாளரின் பிழைதான் என்று நிறுவும் சுமையும் வங்கியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பணம் பறிகொடுத்தவர் 1930ஐ அழைத்தால், அந்த முறைப்பாடு பணம் போன பாதையிலுள்ள வங்கிகளுக்கு அனுப்பப்பட்டு, மிஞ்சியிருப்பது முடக்கப்படுகிறது. அங்கேயும் எல்லாப் பணமும் திரும்புவதில்லை. ஆனால் ஓடி மறிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது.

வங்கிகளின் மறுப்பு நமக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால் மக்கள் கவனமில்லாமல் போவார்கள், சிலர் மோசடிக்காரனோடு சேர்ந்து பொய் முறைப்பாடும் செய்வார்கள் என்பார்கள். இரண்டாவது நடக்கக்கூடியதே. அதற்காகத்தான் பிரித்தானியா வங்கிக்கு விசாரிக்க அவகாசமும், பாரிய அலட்சியம் என்ற விதிவிலக்கும் கொடுத்திருக்கிறது. முதலாவதை நாம் ஏற்கவில்லை. சேமித்த காசு போய், கழுத்து மாலை அடகுக் கடைக்குப் போன வீட்டில், நட்டஈடு கிடைக்கும் என்று நினைத்து எவரும் கவனத்தைக் கைவிடமாட்டார்.

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது உண்டு. சில ஆயிரம் ரூபாவுக்குத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் பிறருக்கு வாடகைக்குக் கொடுக்கும் இளைஞர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். நம் கரையோரம் அதற்கு விலக்கு என்று மார்தட்ட இந்தப் பத்திரிகை தயாரில்லை. "எனக்கு ஒண்டும் தெரியாது சேர், காக்கா ஒருத்தர் கேட்டார், குடுத்தன்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. ஜும்ஆப் பிரசங்கத்தில் வட்டியைப் பற்றிப் பேசுகிறோம். வாடகைக்குக் கொடுத்த கணக்கில் விழும் ஹராமான காசைப் பற்றியும் பேசலாம். ஏமாந்தவரை ஏளனம் செய்யும் வழக்கத்தையும் விடவேண்டும். வெளிநாட்டிலிருக்கும் கணவனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ, ஊர் சிரிக்குமோ என்று பயந்து, முறையிடாமல் மறைத்து, நகையை அடகு வைத்துக் கணக்கை நிரப்பும் பெண்கள் இருக்கிறார்கள். மறைக்கும் அந்த இரண்டு நாட்கள்தான் மோசடிக்காரனின் இலாபம்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் சிங்களத்திலும் மனிதர் எடுக்கும் ஒரே ஓர் இலக்கம், அழைத்த மாத்திரத்தில் எல்லா வங்கிகளிலும் அந்தப் பணத்தை முடக்கும் அதிகாரத்தோடு. முறையிட்ட பின் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்ற இந்திய விதி, களவுப் பணம் பெற்ற வங்கிக்கும் பங்கு என்ற பிரித்தானிய விதி. இரண்டையும் மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைத் திருத்தியே கொண்டு வர முயலலாம். கல்முனை பொலிஸில் இத்தகைய முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, பிரதியைக் கையில் கொடுத்து, வங்கிக்கு அன்றே அறிவிக்கப் பயிற்றப்பட்ட ஓர் உத்தியோகத்தர்.

இந்தக் கரையோரத்தின் வாக்குகளால் நாடாளுமன்றம் போனவர்கள் ஒரு கேள்வியையாவது எழுப்பட்டும்: ஒவ்வொரு வங்கிக்கும் கடந்த ஆண்டு இப்படி எத்தனை முறைப்பாடுகள் வந்தன, களவுப் பணம் பெற்ற எத்தனை கணக்குகள் முடக்கப்பட்டன, எத்தனை ரூபா உரியவருக்குத் திரும்பியது? அவர்கள் கேட்காவிட்டால் வாசகர்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் மத்திய வங்கியையும் அரச வங்கிகளையும் கட்டுப்படுத்துகிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும்.