இணையத்தில் குடிபுகுதல்

பள்ளியின் வரலாற்றை எழுதுவோரும், ஊரார் நெய்த துணியை விற்போரும், பழைய நூல்களைப் பதிப்போரும் இன்று இணையத்தில் தமக்கெனத் தளம் அமைக்க விழைகின்றனர். அத்தளம் வானில் மிதப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். 'மேகம்' என்னும் பெயரும் அவ்வெண்ணத்தை வளர்க்கின்றது. உண்மை அதுவன்று. ஒவ்வொரு தளமும் மண்மேல் நிற்கும் ஏதோ ஒரு கட்டடத்தில், ஒரு கணினியில் இருக்கின்றது. இரவும் பகலும் ஓயாது விழித்திருந்து, கேட்டவர்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்தளிக்கும் அக்கணினியே 'சர்வர்' எனப்படும். தமிழில் அதனை வழங்கி என்பர்.

1990ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் வழங்கி ஜெனீவா நகரின் அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இயங்கியது. அது டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞரின் கணினி. அறியாதார் எவரேனும் அதனை நிறுத்திவிட்டால் தளமே மறைந்துவிடும் அன்றோ? ஆதலின், அதனை அணைத்தல் கூடாது என்று எழுதிய சீட்டு ஒன்று அக்கணினியில் ஒட்டப்பட்டிருந்தது. அச்சீட்டு செய்த காவலையே இன்று 'ஹோஸ்டிங்' நிறுவனங்கள் கட்டணம் பெற்றுச் செய்கின்றன.

'ஹோஸ்ட்' என்னும் சொல் விருந்தோம்புவானைக் குறிப்பது. ஆனால், விருந்தினர் வாடகை தருவதில்லை. இணையத்தில் இடம் பெறுவோர் குடியிருப்போரே ஆவர். ஒரே வழங்கியில் பல தளங்கள் கூடியிருப்பது ஒண்டுக்குடித்தனம் போன்றது. வாடகை குறைவு, நெருக்கடி மிகுதி. ஒருவர் வாயிலில் கூட்டம் பெருகினால் அடுத்தவர் வாயிலும் அடைபடும். தனி வழங்கி தனிவீடு போன்றது; வசதியும் செலவும் மிகும். சிறிய தளத்திற்கு ஒண்டுக்குடித்தனமே போதும்.

விளம்பரச் சொற்களை அளந்து பார்த்தல் வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் தளம் இயங்கும் என்பது கேட்பதற்கு இனிது. கணக்கிட்டால், ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேல் அது முடங்கலாம் என்பதே அதன் பொருள். முதலாண்டில் மலிவாகக் கொடுத்து, மறு ஆண்டில் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்துவோரும் உளர்.

எனினும், விலையினும் பெரிது காவல். 2021ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரில், ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்தடுக்குக் கட்டடம் தீக்கிரையாயிற்று. எண்ணற்ற தளங்கள் ஓரிரவில் மறைந்தன. வேறிடத்தில் படி வைத்திருந்தோர் மீண்டனர். படியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோருள் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

தீயின்றியும் இழப்பு நேர்வதுண்டு. 1994ஆம் ஆண்டில் தோன்றிய ஜியோசிட்டீஸ், பொதுமக்களுக்கு இலவசமாக இடம் அளித்தது. 1999ஆம் ஆண்டில் யாஹூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009ஆம் ஆண்டில் மூடியது. ஆர்வலர் சிலர் முயன்று ஒரு பகுதியைக் காத்தனர். எஞ்சியவை அழிந்தன.

அங்ஙனமாயின், பொருளில்லார் இலவச இடத்தை நாடுதல் தவறோ எனின், தவறன்று. படி ஒன்று தம் கையில் இல்லாதிருத்தலே தவறு. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், பலரிடமிருந்து பெற்ற ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஓர் ஏடு சிதைந்த இடத்தில் மற்றோர் ஏடு துணைநின்றது. படிகள் பல இடங்களில் இருந்தமையால் அந்நூல் பிழைத்தது.

ஆகவே, இடம் தேர்வோர், 'விலை என்ன?' என்று வினவுமுன் மூன்றினை வினவுதல் வேண்டும். படி எங்கே வைக்கப்படுகின்றது? தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகின்றது? விலகும் நாளில் அனைத்தையும் எடுத்துச் செல்ல இயலுமா? இம்மூன்றிற்கும் தெளிவாக விடை தரும் நிறுவனத்தையே தேர்தல் நன்று. இடம் பிறருடையதாகலாம், பெயரும் படியும் தம்முடையனவாக இருத்தல் வேண்டும். அவை கையில் இருப்பின், ஓரிடம் அழிந்தாலும் மறுநாளே வேறோரிடத்தில் குடிபுகலாம்.