ஆசியான் தலைமைக்கு ஆலோசகர்கள்: மித்ராவுக்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயமா?

2025ஆம் ஆண்டு முழுவதும் ஆசியான் தலைமைப் பொறுப்பு மலேசியாவிடம் இருந்தது. மே மாதத்திலும் அக்டோபரிலும் கோலாலம்பூரில் இரண்டு உச்சநிலை மாநாடுகள், அவற்றைச் சுற்றி ஆண்டு முழுக்க நூற்றுக்கணக்கான கூட்டங்கள். 2005, 2015க்குப் பிறகு மீண்டும் நம் முறை. முறை வந்தால் ஏற்கத்தான் வேண்டும், அதில் நமக்குத் தகராறு இல்லை. கேள்வி எல்லாம் செலவைப் பற்றியது.

ஜகார்த்தாவில் உள்ள ஆசியான் செயலகத்தின் நடப்புச் செலவை உறுப்பு நாடுகள் சமமாகப் பகிர்ந்து கொள்கின்றன. தலைமை நாடு தன் மண்ணில் நடத்தும் மாநாட்டுச் செலவோ பெரும்பாலும் அந்நாட்டு மக்களின் வரிப்பணம். மண்டப வாடகையையும் வாகனச் செலவையும் சரிபார்ப்பது எளிது. தற்காலிக ஊழியர், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், விளம்பர ஆலோசகர் என்று போகும் பணம் அப்படியல்ல. நாடாளுமன்றத்தில் கேட்டால் ஒரு மொத்தத் தொகையைச் சொல்லி உட்கார்ந்து விடுவார்கள். அதற்குள் யாருக்கு எவ்வளவு?

இது புதிய கேள்வியும் அல்ல. ஒரே மலேசியா முழக்கம் ஓங்கியிருந்த 2010இல், அரசாங்கம் அமர்த்திய எப்கோ என்ற வெளிநாட்டு ஆலோசக நிறுவனத்தைப் பற்றி அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்தில் பேசினார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக அதே ஆண்டு டிசம்பரில் ஆறு மாதம் இடைநீக்கமும் செய்யப்பட்டார். 2025இல் ஆசியான் தலைமை நாற்காலியில் அமர்ந்த பிரதமர் அவரேதான். அன்று அவர் கேட்டதை இன்று அவரிடம் கேட்பது அவமரியாதை ஆகாது!

இனி நம் பக்கம் வருவோம். மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட். 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் அதற்குள் நுழைந்தது, பலர் கைதானார்கள். நுழையட்டும். ஏழை இந்தியரின் பணத்தைத் தின்றவனுக்கு நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்? ஆனால், டியூஷன் வகுப்புக்கு வாங்கிய நாற்காலிக்குக்கூட ரசீது கேட்கும் அதே அரசாங்கம், ஆலோசகர் கொடுத்த அறிக்கை எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறதா?

வேலை விஷயத்திலும் இதே கதைதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. பொதுச்சேவையில் அந்த அளவை நாம் எட்டவில்லை. ஒரே தரத்தில் பணியாற்றுவோரை இன பேதமின்றி நடத்த வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 136ஆவது விதி. உள்ளே வந்துவிட்டவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. வாசலில் நிற்பவருக்கு அது உதவாது. வேலையை ஆலோசக நிறுவனத்திடம் தூக்கிக் கொடுத்துவிட்டாலோ, அங்கே யாரை எடுத்தார்கள் என்று கேட்க அந்த விதியில் இடமே இல்லை.

அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவுப் பணி 1997இல் குத்தகை நிறுவனங்களுக்குப் போனது. பள்ளிகளில் கூட்டிப் பெருக்குவதும் காவல் காப்பதும் இன்று குத்தகைதான். அங்கே நம் அக்காமார்கள் எத்தனை பேர்! குத்தகை கைமாறும்போது பத்து வருடம் உழைத்தவரும் புது ஆளாகி விடுகிறார், அடிப்படைச் சம்பளத்திலிருந்து மறுபடி தொடக்கம். 2025 பிப்ரவரி முதல் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இவர்களை நேரடியாக அரசாங்க வேலைக்கு எடுங்கள் என்றால் "நிதி இல்லை" என்பார்கள். மாநாட்டு ஆலோசகருக்கு நிதி எங்கிருந்து வந்தது? அந்த ஆண்டின் ஆசியான் முழக்கத்தில் "அனைவரையும் உள்ளடக்குதல்" என்ற சொல் வேறு!

கூட்டரசு மட்டத்தில் தகவல் சுதந்திரச் சட்டம் இல்லாமலேயே அந்தத் தலைமை ஆண்டு முடிந்தது. ஆகவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுத்துப்பூர்வமாகக் கேட்கட்டும். எத்தனை தற்காலிகப் பணியிடங்கள், அவை விளம்பரம் செய்யப்பட்டனவா, எடுக்கப்பட்டவர்களில் இந்தியர் எத்தனை பேர், எந்தெந்த நிறுவனத்துக்கு எவ்வளவு, திறந்த டெண்டரா, நேரடிப் பேச்சுவார்த்தையா? பதிலைப் பொதுக் கணக்குக் குழுவின் மேசையிலும் வைக்க வேண்டும். மொத்தத் தொகை நமக்கு வேண்டாம், ரசீதோடு வரட்டும்.