வயிற்றைத் தாண்டும் மருந்து

திருவிழாவுக்குப் புறப்படும் யாத்ரிகர்களுக்குக் கையில் காலரா ஊசி குத்தி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. கை வீங்கும், இரவெல்லாம் ஜுரம் காயும். இத்தனை சிரமப்பட்டும் அதன் காப்பு சில மாதங்களே நீடித்தது. 1894-ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் ஹாஃப்கின் பரீட்சித்த அந்த ஊசி பல உயிர்களைக் காத்தது மெய்தான். ஆனாலும், குடலில் குடியேறும் பகைவனுக்காகக் கையிலே காவல் போடுவது சற்று வேடிக்கையான ஏற்பாடு அல்லவா?

காலராக் கிருமி குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைக் கக்குகிறது. உடம்பின் நீரெல்லாம் வெளியேறுவது அதனால்தான். இதை 1959-இல் நிரூபித்தவர் கல்கத்தா வைத்தியர் சம்புநாத் டே. (அவர் உயிரோடிருந்தவரை நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் அவரை அங்கத்தினராக்கிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது.) ஆகவே மருந்தும் குடலுக்கே போய், அங்கேயே எதிர்ப்புச் சக்தியை எழுப்புவது உத்தமம்.

வழியில் இரைப்பை இருக்கிறது. அதன் அமிலம் நமக்குப் பெரிய உபகாரி. விழுங்கிய காலராக் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அதுவே கொன்றுவிடுகிறது. ஆனால் இந்தத் துவாரபாலகருக்குத் திருடன் யார், விருந்தாளி யார் என்று தெரிவதில்லை! பலவீனப்படுத்திய உயிர்க் கிருமியையும், நஞ்சின் தீங்கற்ற பகுதியையும்கூட அழித்துவிடுகிறார். ஸ்வீடனில் உருவான மருந்தைச் சோடா உப்புக் கரைசலில் கலந்து பருகச் சொல்வது இவரைச் சாந்தப்படுத்தத்தான்.

சாந்தப்படுத்துவதைவிட மாறுவேஷத்தில் அனுப்பினால் என்ன? இதுவே நுண்ணுறை யோசனை. கடற்பாசிச் சத்தோ, காயம் தைத்த பின் தானே கரையும் நூலின் சரக்கோ கொண்டு, மருந்தைச் சுற்றி உறை அமைக்கிறார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய உருண்டைகளானால், குடற்சுவரிலுள்ள காவல் திட்டுகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எலிகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் உறைப்பொருளைக் கரைக்கும் இரசாயன திரவமே சில சமயம் உள்ளிருக்கும் மருந்தைக் கெடுத்துவிடுகிறது, செலவும் அதிகம்.

உறையில்லாத திரவ மருந்தை இகழ்வதற்கில்லை. ஹைதராபாத்தில் தயாரான ஒன்று, 2006-இல் கொல்கத்தாவில் தொடங்கிய பரீட்சையில் ஐந்து வருஷம்வரை ஏறக்குறைய 65 சதவிகிதக் காப்பளித்தது. ஆயினும் அதைக் குளிர்ப்பெட்டியில் காக்கவேண்டும். தேவையோ பெரிது: 2022 அக்டோபரில் மருந்து போதாமல், இரண்டு வேளைக்குப் பதில் ஒரே வேளை கொடுக்க உலக சுகாதார ஸ்தாபனம் முடிவுசெய்ய நேர்ந்தது. வெள்ளத்தில் சிக்கிய கிராமத்துக்குப் பனிக்கட்டி இல்லாமல் சட்டைப் பையில் கொண்டுபோகக்கூடிய உலர்ந்த மாத்திரையைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.